ஆட்டைத் தொடாதே: கணினி அரங்கில் கூட்டும் தனியும்

கணினி விளையாட்டைப் பற்றி இங்கே எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அதிகாரம் எப்படி இயங்குகிறது, கூட்டுச் செயல்பாடு எங்கே உடைகிறது என்று ஓயாமல் பேசுகிற நாம், இவ்விரண்டும் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிகிற ஓர் இடத்தைப் பார்க்காமல் விடுவதில் நியாயமில்லை.

அமெரிக்காவின் ப்ளிஸார்ட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் 2007இல் ‘அரீனா’ சேர்க்கப்பட்டது. மனிதர்களே எதிரெதிரே மோதிக்கொள்ளும் மூடிய அரங்கு. இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர், ஐவருக்கு ஐவர் எனத் தொடங்கியது. ஐவர் போட்டி 2016இல் கைவிடப்பட்டது. மூவர் ஆட்டம்தான் நுட்பமானது. பொதுவாக இருவர் அடிப்பார்கள், ஒருவர் காயம் ஆற்றுவார். அவரை ஹீலர் என்பார்கள்.

புதிதாக வருகிறவனுக்குத் தோன்றுவது: முதல்ல ஹீலரைப் போட்டுத் தள்ளு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹீலர் தன் காயத்தையும் ஆற்றிக்கொள்வார். தேர்ந்த கூட்டம் பெரும்பாலும் அவரைச் செயலிழக்க வைத்துவிட்டு அவருடைய தோழரை அடிக்கிறது. மேஜ் என்கிற மந்திரவாதி அவரைச் செம்மறியாடாக மாற்றிவிடுவான். தோழன் சாய்வதை ஆடு பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு மந்திரமும் சொல்ல முடியாது. கொலையைவிட வாய்க்கட்டுதான் இந்தப் போரின் மையம். (ஃபூக்கோவை இங்கே இழுக்கலாம். வேண்டாம், அவர் பாவம்.)

இதில் ஒரு முரண். ஆடாக இருக்கும்வரை அவருடைய காயங்கள் தாமாகவே வேகமாக ஆறும். யாராவது ஓர் அடி அடித்தாலோ மந்திரம் கலைந்துவிடும். ஆகவே மற்ற இருவரும் ஆட்டின் பக்கம் கை நீட்டக்கூடாது. சுற்றியுள்ள எல்லோர் மேலும் விழுகிற வீச்சுகளை அடக்கிக்கொள்ள வேண்டும். நான் எவ்வளவு அடிச்சேன் பாத்தியா என்று கணக்குக் காட்டுகிற ஆசை ஒருவனுக்கு இருந்தால் போதும், கூட்டமே கவிழும்.

இன்னொரு விதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரே வகையான அடக்குமுறையை ஒருவர்மேல் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் அது தேய்ந்துபோகும். அரங்கின் தொடக்க ஆண்டுகளில், முதல் தடவை முழு நேரம், அடுத்து பாதி, பிறகு கால், அதற்கப்புறம் பலிக்கவே பலிக்காது. கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எனவே வகை மாற்ற வேண்டும். அந்த ஆண்டுகளில் பேர்போன ரோக், மேஜ், ப்ரீஸ்ட் கூட்டணியின் பலமே இதுதான். மேஜ் ஆடாக்குவான், அது முடிகிற நொடியில் ப்ரீஸ்ட் பயமுறுத்தி ஓடவிடுவான், மறைந்து வந்த ரோக் இன்னொருவனை அசையவிடாமல் அடித்துக்கொண்டிருப்பான். அவங்கவங்க வித்தையை இஷ்டத்துக்கு எறிஞ்சா ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து வீணாப் போகும். தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமான பயிற்சி.

ஒவ்வொருவரிடமும் கட்டை அறுத்துக்கொள்ள ‘ட்ரிங்கெட்’ ஒன்று உண்டு, ஒருமுறை பயன்படுத்தினால் மறுபடி தயாராகக் காத்திருக்க வேண்டும். முதல் தாக்குதல் அதைச் செலவழிக்க வைப்பதற்கு, கொல்வது அடுத்ததில். அந்தக் காத்திருப்பு நேரத்தை யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குத் தூண்கள் இருக்கின்றன. நாக்ராண்ட் அரங்கில் நான்கு தூண்கள். பார்வைக்குப் படாதவனை ஆடாக்க முடியாது. ஆனால் தூணுக்குப் பின்னால் பதுங்கிய ஹீலரால் தன் தோழனையும் பார்க்க முடியாது.

ஆரம்பத்தில் அணிக்கு ஒரு பெயர் இருந்தது, மதிப்பெண்ணும் அணிக்கே. பிற்பாடு மதிப்பெண் ஆளுக்கு ஆள் என்றானது. 2022இல் வந்த ‘சோலோ ஷஃபிள்’ முறையில் அணியே இல்லை. முன்பின் அறியாத ஆறு பேர், ஆறு சுற்று, ஒருவர் விழுந்தால் சுற்று முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டாளி மாறுவான். இப்போது தோள் கொடுத்தவன் அடுத்த சுற்றில் எதிரே நிற்கிறான், நாம் எதைச் செலவழித்தோம் என்பதைத் தெரிந்துகொண்டு. தோழமையைச் சந்தைக் கூலியாக மாற்றும் ஏற்பாடு என்று உடனே எழுதிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பழைய அணிகளின் வாசலில் காவல் இருந்தது. இவ்வளவு மதிப்பெண் இருந்தா வா, இல்லாட்டி நடையைக் கட்டு என்பார்கள். மதிப்பெண் இல்லாதவனுக்கு அணி கிடைக்காது. அணி இல்லாதவனுக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்? தனி வரிசை இவர்களை உள்ளே விட்டது.

உள்ளே வந்தவர்கள் பேசிவைத்துக்கொள்ள நேரமில்லை. இருந்தும், அறிமுகமில்லாத ஒருவன் ஆட்டைச் சுற்றிக்கொண்டு போய், ஓங்கிய கையை இறக்கிக்கொள்கிறான். அடுத்த சுற்றில் அவன் எதிரே நிற்கும்போது அவனைத்தான் முதலில் அடிக்கவேண்டியிருக்கிறது.