ரப்பர் செடியின் தலையை வெட்டலாமா?

வரவேற்பறை மூலையில் வைத்த ரப்பர் செடி கூரையை முட்டும்போதும் கத்தியெடுக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. குமரி மாவட்டத் தோட்டங்களில் பாலெடுக்கும் ரப்பர் மரம் வேறு. இது ஆலுக்கும் அரசுக்கும் உறவு. மேகாலயாவில் ஓடைகளின் குறுக்கே இதன் வேர்களைப் பின்னித்தான் உயிருள்ள பாலங்களை வளர்க்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மரத்தின் கன்று தொட்டியிலும் உயரத்தானே செய்யும்! ஆனால் அது கிளையே விடாமல் ஒற்றைக் குச்சியாக நீள்வதற்குக் காரணம் அதன் நுனிக் குருத்து.

குருத்தில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் வழியே கீழிறங்கிக்கொண்டிருக்கும்வரை, இலைக்கக்கங்களில் உள்ள மொட்டுகள் உறங்கியே கிடக்கும். 1933இல் தீமன், ஸ்கூக் என்ற இருவர் ஒருவகை அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சின் கலந்த அகர் துண்டை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் மொட்டுகள் அடங்கியே இருந்தன. முருங்கைக் கன்றின் நுனியைக் கிள்ளிவிடும் விவசாயிக்குப் பலன் தெரியும், காரணத்தைச் சொன்னது இந்தச் சோதனை. ஆனால் 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் வேறொன்றைக் கண்டார்கள்: நுனியை வெட்டியதும், ஆக்சின் குறையும் முன்பே கீழ் மொட்டுகள் விழித்துக்கொண்டன. அதுவரை குருத்துக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுகளுக்குத் திரும்பியதே முதல் தூண்டுதல். வீட்டில் செடி வளர்ப்பவருக்கு இந்த விளக்கமே அதிகம் உதவும். சர்க்கரையைச் சமைப்பது இலை, அதற்கு வேண்டியது வெளிச்சம். எனவே இருட்டு மூலையில் வைத்தபடியே கவாத்து செய்தால், இன்னொரு மெலிந்த குச்சிதான் கிளம்பும். வெட்டுக்குக் கீழே நாலைந்து இலைகளாவது இருக்கட்டும். தொட்டியும் சன்னலோரம் போகட்டும்.

வெட்டினால் பட்டுப்போகாதா என்பார்கள். பாக்குப் பனை வகைகளில் இந்தப் பயம் நியாயமே. அவற்றில் தண்டுக்கு ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டு மீளாது. ரப்பர் செடிக்கோ கணுவுக்குக் கணு மொட்டு இருக்கிறது. வெட்டிய இடத்தில் வடியும் பாலைக் கண்டு கலங்குபவர்களும் உண்டு. அந்தப் பால் காயத்தை அடைக்கவும் பூச்சிகளை விரட்டவும் செடி வைத்திருக்கும் ஏற்பாடு. நம் தோலில் பட்டால் அரிக்கும், ஆகவே கையுறை நல்லது. சின்னத் தொட்டியிலேயே வைத்து வளர்ச்சியை ஒடுக்கலாமே என்றால், உயரம் மட்டுப்படும், கிளை வராது. தளிர் விடும் பருவத்தில், சுத்தமான கத்தியால் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டிய நுனியை எறிந்துவிடாதீர்கள். பால் வடிந்து நின்றபின் ஈர மணலில் நட்டால் அதுவும் வேர்விடும்.