மூச்சைத் திருடும் தழும்பு

எதை ஆராய வேண்டும்? நோயாளியையே கேட்கிறார்கள்!

கையில் காயம் பட்டால் தழும்பு விழும். அதனால் கெடுதல் இல்லை. காலில் விழுந்தாலும் கவலை இல்லை. ஆனால் நுரையீரலுக்குள் தழும்பு விழுந்தால்? அது உயிருக்கே அபாயம்!

நுரையீரல் பஞ்சு போன்றது. அதற்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. நாம் இழுக்கும் பிராணவாயு அந்தச் சுவரைக் கடந்துதான் ரத்தத்தில் கலக்கிறது.

அந்தச் சுவர் தழும்பேறித் தடித்துப் போனால், பஞ்சு விறைத்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் மூச்சுப் போதாது. இதை டாக்டர்கள் 'பல்மனரி பைப்ரோசிஸ்' என்கிறார்கள்.

முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். "வயதாகிவிட்டது" என்று சும்மா இருந்துவிடுவார்கள். பிறகு வறட்டு இருமல் வரும். நோய் முற்றினால் குளிப்பதும் சட்டை மாற்றுவதும்கூடப் பெரும்பாடு.

கல் தூசி, அஸ்பெஸ்டாஸ் தூசி, பறவை எச்சத்தின் தூசி, மூட்டு வாதம், சில மருந்துகள் ஆகியவற்றால் இது வரலாம். காரணமே தெரியாமலும் வருவது உண்டு. தக்க மருந்து இல்லாத காலத்தில், அந்த வகை நோய் கண்டவர்களில் பலர் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்தார்கள்.

மருந்தே வினையானது

இந்நோய்க்கு ஒரு காலத்தில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். அது நல்லது என்றே டாக்டர்கள் நம்பினார்கள்.

அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 77 பேருக்கு அந்த மருந்துகள். 78 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. முடிவு என்ன தெரியுமா? மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர் ஒருவரே! 2011-ம் ஆண்டில் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள்.

ஆராய்ச்சி ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2014-ம் ஆண்டு அக்டோபரில் பிர்பெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்க அரசு ஒரே நாளில் அனுமதி அளித்தது. அவை நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் விழுந்த தழும்பை மாற்றுவதில்லை. சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன.

இன்னும் ஆராய வேண்டியது ஏராளம். பணமோ அளவானது. எதை முதலில் ஆராய்வது? அதை யார் சொல்வது?

எல்லோரும் ஒரே மேசையில்

இங்கிலாந்தில் 2004-ம் ஆண்டு ஓர் அமைப்பு தோன்றியது. பெயர் 'ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்'. ஜேம்ஸ் லிண்ட் ஒரு கப்பல் டாக்டர். 1747-ம் ஆண்டில், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தவர். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரே சீக்கிரம் தேறினார்கள்.

அவர் பெயர் தாங்கிய அமைப்பு, நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் டாக்டர்களிடமும் கேள்விகளைத் திரட்டுகிறது. ஏற்கெனவே விடை தெரிந்தவற்றை நீக்குகிறது. பிறகு எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து, முக்கியமான 10 கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நுரையீரல் தழும்பு நோய்க்கும் இப்படியே ஒரு பட்டியல் தயாராகி, 2022-ல் வெளிவந்தது.

இதனால் என்ன லாபம்? டாக்டர் மூச்சுப் பரிசோதனைக் கணக்கைப் பார்க்கிறார். மனைவியோ, கணவர் இருமி இருமித் தூங்காத இரவுகளை எண்ணுகிறாள். இரண்டும் உண்மை. இரண்டாவது கணக்கு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா?

இருமலையும் ஆராயலாம் என்று காட்டியது இங்கிலாந்தில் நடந்த மற்றொரு சோதனை. 44 நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் மார்பின் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டபோது இருந்ததைவிட, விழித்திருக்கும் நேரத்து இருமல் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது! முடிவு 2024-ல் வெளிவந்தது. ஆனால் மார்பின் விளையாட்டு மருந்தல்ல. டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

நம் நாட்டின் கேள்வி

நாட்டுக்கு நாடு கேள்வி மாறும். நம் நாட்டில் 19 நகரங்களில் எடுத்த கணக்கு 2017-ல் வெளிவந்தது. அதில் இருந்தவர்கள் தழும்பு நோயும் அதைச் சேர்ந்த நுரையீரல் நோய்களும் கண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது, மூச்சோடு உள்ளே போகும் பொருள் ஒவ்வாமல் வரும் வகை. அந்தப் பாதியிலும் பலர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள்!

கூலரில் தேங்கும் நீரில் பூஞ்சை வளரும். அதுதான் காரணமா? கூலரைச் சுத்தம் செய்தால் நோய் குறையுமா? லண்டன் மேசையில் எழாத கேள்வி இது. இங்கேதான் எழ வேண்டும்.

வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் புறா உண்டா, கூலர் உண்டா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நோயாளி சொல்லும் அந்த விவரத்தில்தான் நாளைய ஆராய்ச்சியின் விதை இருக்கிறது!