மீன் பெட்டி தெர்மாகோலில் வீட்டுச் சுவர்: உப்புக்காத்து ஊருக்கு ஒத்துவருமா?

பழவேற்காடு:-

மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புற வெள்ளை தெர்மாகோல் பெட்டியை பழவேற்காட்டில் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. அதே தெர்மாகோலை அச்சாக வைத்து வீட்டுச் சுவர் எழுப்பும் முறை ஒன்று வெளிநாடுகளில் பல வருஷமாக நடைமுறையில் இருக்கிறது.

"தெர்மாகோலில் வீடா? ஒரு புயல் அடிச்சா பறந்துடாதா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். பறக்காது. வீட்டைத் தாங்குவது தெர்மாகோல் இல்லை. அதன் நடுவில் ஊற்றும் கம்பி கான்கிரீட்தான் தாங்குகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வழக்கமாக பில்லர், பீம், தளம் போட பலகையோ தகடோ வைத்து சென்ட்ரிங் அடிப்பார்கள். கான்கிரீட் இறுகியதும் பிரித்து விடுவார்கள். இந்த முறையில் சென்ட்ரிங்கைப் பிரிப்பதே இல்லை. இரண்டு பக்கமும் 2 முதல் 2.5 அங்குல தெர்மாகோல், நடுவில் இரண்டையும் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் பட்டை. உள்ளே காலியாக இருக்கும் இந்த கட்டிகளை, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் செங்கல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று பொருத்துகிறார்கள். உள்ளே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றுகிறார்கள். நடுவில் 4, 6 அல்லது 8 அங்குல கான்கிரீட் சுவர் நிற்கும். தெர்மாகோல் இருபுறமும் அப்படியே தங்கிவிடும். அதன் மேல் வலை அடித்து பூச வேண்டியதுதான்.

ஒரே மூச்சில் மேல் வரை ஊற்றக்கூடாது. மூன்று, நாலு அடியாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பச்சை கான்கிரீட்டின் பாரம் தாங்காமல் கட்டி வெடித்து விடும்.

1960-களில் கனடாவில் உருவான முறை இது. 2018-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடாவை மைக்கேல் புயல் தாக்கியபோது, மெக்சிகோ பீச் கடற்கரையில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் தரைமட்டமாகி, ஒரு வீடு மட்டும் நின்ற படம் உலகம் முழுக்க பரவியது. அதன் சுவர் இந்த முறையில் ஊற்றியதுதான். ஆனால் ஆழமாக பைல் இறக்கி, அதன் மேல் தூக்கிக் கட்டிய வசதியான வீடு அது. சுவர் மட்டும் காப்பாற்றியது என்று நினைக்க வேண்டாம்.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு மத்திய அரசு தேர்வு செய்த 54 புதிய கட்டுமான முறைகளின் பட்டியலில் இதுவும் உண்டு. இதற்கு பங்காளி முறையான, பி.வி.சி. அச்சு அப்படியே தங்கிவிடும் வகையில் லக்னோவில் 1,040 வீடுகள் கட்டப்பட்டன. அதே திட்டத்தில் சென்னை பெரும்பாக்கத்தில் 2022-ல் திறந்த 1,152 வீடுகள் வேறு முறை. அங்கே பாகங்களை முன்கூட்டியே வார்த்து கொண்டுவந்து பொருத்தினார்கள்.

தண்ணி மிச்சம்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பங்களுக்கு இதில் பெரிய லாபம் தண்ணிதான். சாதாரண கான்கிரீட்டுக்கு 7 முதல் 14 நாள் வரை தண்ணி விட்டு நனைக்க வேண்டும். நல்ல தண்ணிக்கு குடத்தோடு நிற்கும் ஊரில் யார் விடுவார்கள்? தெர்மாகோல் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால், சுவருக்கு அந்த வேலை கிட்டத்தட்ட இல்லை.

வெயில் சூடும் சுவர் வழியாக உள்ளே ஏறாது. ஆனால் நம்மூரில் சூடு அதிகம் இறங்குவது மேல்தளத்தில் இருந்து. தளத்தை அப்படியே விட்டுவிட்டு சுவருக்கு மட்டும் தெர்மாகோல் போட்டால் பாதி காசு வீண்.

மறைந்திருக்கும் துரு

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டிய குடியிருப்புகளில், பல இடங்களில் தளம் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதைப் பார்க்கிறோம். கம்பியை அரிப்பது உப்பு. துருப்பிடித்த கம்பி பல மடங்கு உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்கும் தண்ணியில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்திய தரவிதி. கடல் தண்ணியில் இருப்பது சுமார் 19 ஆயிரம் மில்லிகிராம். ஏரித்தண்ணி, கரையோர ஊத்துத்தண்ணி, கடல் மணல் எதுவும் இதற்கு ஆகாது.

தெர்மாகோல் சுவரில் இந்த ஆபத்து கூடுதல் என்பது என் கருத்து. சாதாரண சுவரில் விரிசல் கண்ணுக்குத் தெரியும், பார்த்து சரி செய்யலாம். இதில் உப்புத்தண்ணி கலந்து ஊற்றிவிட்டால் துரு தெர்மாகோலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சரியாக குத்திவிடாமல் உள்ளே பொந்து விழுந்தாலும் அப்படித்தான்.

கரையான், எலி தெர்மாகோலைக் குடைந்து போகும். அதனால் அடிமட்டத்தில் கரையான் மருந்து கட்டாயம். தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும் என்பதால், சமையல்கட்டில் ஒரு அங்குலம் கூட பூச்சு இல்லாமல் விடக்கூடாது. வலை மாட்ட ஆணி அடித்தால் தெர்மாகோலில் நிற்காது, கான்கிரீட் வரை துளை போட வேண்டும்.

செலவு எப்படி?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் கொடுக்கிறார்கள். தெர்மாகோல் கட்டி எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். லாரி வாடகை காற்றுக்கும் சேர்த்துத்தான். கான்கிரீட் பம்ப், பழகிய மேஸ்திரி எல்லாம் தனி. ஒத்தை வீட்டுக்கு கட்டுப்படியாவது கஷ்டம். ஒரு குப்பமே சேர்ந்து 30, 40 வீடு கட்டினால் பேசிப்பார்க்கலாம்.

எந்த முறையில் கட்டினாலும் மேஸ்திரியிடம் கேட்க வேண்டியது மூன்று. தண்ணி எங்கிருந்து வருகிறது? கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடல் எவ்வளவு? கடலோரத்துக்கு விதிப்படி 45 மில்லிமீட்டர், அதாவது ஒன்றே முக்கால் அங்குலம் வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு தண்ணி எவ்வளவு? 22.5 லிட்டருக்கு மேல் போனால் கலவை கையாள சுலபம், சுவர் பலவீனம்.

தண்ணியை குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து குளோரைடு அளவு பார்க்கலாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி இங்கு பொருந்தும் என்பதால், கடக்கால் தோண்டும் முன் ஊராட்சியில் அனுமதி பற்றி கேட்டுக்கொள்வது அவசியம்.