வியன்னாவில் எங்கே இறங்குவது?

ஆயுளில் ஒரு முறை வியன்னாவுக்குப் போய் மூன்றே தினங்கள் தங்குகிறவருக்குப் பணத்தைவிடப் பொழுதே அருமையானது. ஆகவே உயர்தர ஹோட்டலைத் தேடும்போது முன்கூடத்துச் சரவிளக்குகளைக் கண்டு நாம் மயங்கலாகாது.

'இம்பீரியல்' ஹோட்டல் முதலில் வுர்ட்டெம்பர்க் கோமகனின் மாளிகையாக இருந்தது. 1873-ல் நடந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு ஹோட்டலாயிற்று. அதன் படிக்கட்டே கண்ணைப் பறிக்கும். ஆனால் இத்தகைய மாளிகைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. உயர்ந்த விதானமும் சித்திர வேலையும் பிரபுக்கள் வாழ்ந்த கீழ்மாடிகளுக்கு உரியவை; மேலே போகப் போக அறைகள் சாமானியமாகிவிடும். 'அரண்மனையில் தங்கினோம்' என்று சொல்லிக்கொள்வதற்காக அங்கே மிகக் குறைந்த வாடகை அறையை எடுப்பவர் பெயருக்குத்தான் விலை கொடுக்கிறார். எந்த மாடி, ஜன்னல் டிராம் ஓடும் சாலைப் பக்கமா என்று முன்னதாக எழுதிக் கேட்பதில் வெட்கமென்ன?

1876-ல் எட்வர்டு ஸாகர் நிறுவிய 'ஸாகர்' ஹோட்டலோ ஆபரா நாடக சாலைக்கு நேர் பின்னால் இருக்கிறது. (அவருடைய மனைவி அன்னா, கணவருக்குப் பின், கையில் சுருட்டும் காலடியில் புல்டாக் நாய்களுமாக அதை நிர்வகித்த அழகே அழகு!) நள்ளிரவில் வண்டி தேடாமல் தெருவைக் கடந்தால் அறை. ஸங்கீதத்துக்காகப் போகிறவர் யோசிக்கவே வேண்டாம்.

எங்கே தங்கினாலும் காலை ஆகாரத்தை வாடகையோடு சேர்க்காதிருப்பது நலம். அவ்வூர்க் காப்பிக் கடைகளில் ஒரே கோப்பையுடன் மணிக்கணக்காகப் பத்திரிகை படித்தாலும் எழுந்திருக்கச் சொல்வாரில்லை.