கான் அடைபட்ட மலை



மலையகத்தில் வாழும் நமக்குக் கான் என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை மலையில் குறுக்காக வெட்டப்பட்ட கான்கள் அடைபட்டால், மழைநீர் ஓட வழியின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. வெளிப்பார்வைக்கு மலை பசுமையாகவே இருக்கும். உள்ளேயோ மண் ஊறிக் கனக்கும். பின்பு ஒருநாள் அது சரியும்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து, லயங்கள் மக்களோடு மண்ணுக்குள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. சொல்லப்பட்ட சொல் இருந்தது. அதைக் கேட்டுச் செயலாற்றி, மக்களை உரிய காலத்தில் பாதுகாப்பான நிலத்தில் குடியமர்த்தும் பொறுப்பு நிறைவேற்றப்படவில்லை. மலைச்சரிவு மழையால் நேர்ந்தது. ஆனால் அத்தனை உயிர்கள் போனதற்கு மழை மட்டும் காரணம் அன்று.

வேலைத்தலத்துப் பிணக்கும் இத்தகையதே. மாலையில் கொழுந்து நிறுக்கும் வேளையை நினைத்துப் பாருங்கள். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கும் கிலோ கூடிவிட்டது எனத் தாயொருத்தி எண்ணுகிறாள். குறித்த அளவு நிறையாததால் அவளுக்கு அரைப்பேர் விழுகிறது. அவள் வாய்திறவாது லயத்துக்குத் திரும்புகிறாள். அன்றிரவு அடி வாங்குவது அவள் பிள்ளை. தராசருகே நிற்கும் கணக்கப்பிள்ளைக்கும் மேலிடத்திலிருந்து அளவைக் கூட்டச் சொல்லும் நெருக்கடி உண்டு. அவரும் அதை வெளியே சொல்வதில்லை. இரு தரப்பிலும் கான் அடைபட்டுக் கிடக்கிறது.

சண்டையில்லாத இடமே சமாதானமான இடம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஆதித் திருச்சபையிலும் முறைப்பாடு எழுந்தது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முணுமுணுத்தனர் (திருத்தூதர் பணிகள் 6:1-6). திருத்தூதர்கள் அவர்களைக் கலகக்காரர் என்று அடக்கவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள், பொறுப்பாளரைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சபையிடமே விட்டார்கள். தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைப்பட்டவர்களின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலும்!

நம் ஊவாவிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின்போது, பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தெரிவுசெய்த சபையைக் கலந்து நடப்பதற்குத் துரை இணங்கினார். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை, போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் மேசையின் இருபுறமும் மனிதர்கள் அமரலாம் என்பதை அது காட்டிற்று.

சரி, நாம் செய்யக்கூடியது யாது? ஆண்டவர் இயேசு மத்தேயு 18:15-17இல் படிப்படியான வழியைக் காட்டுகிறார். முதலில் தனியாகச் சென்று பேசுங்கள். பீலிக்கரையில் பத்துப் பேரிடம் சொல்லுமுன், உரியவரிடமே சொல்லுங்கள். ஆளைப் பழிக்காது, நடந்ததைச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு. அவர் கேளாவிடில் சாட்சியாக ஓரிருவரை, தோட்டத் தலைவரையோ அனுபவமுள்ள பெரியவரையோ, அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் இணங்காவிடில் சங்கமும் சட்டமும் இருக்கின்றன. வேலைநிறுத்தமும் உரிய வரம்புக்குள் நியாயமான வழியே என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தொழில் பற்றிய தம் சுற்றுமடலில் ஏற்றுக்கொண்டுள்ளார். அதைத் தவறாகக் கையாளக் கூடாதென்றும் எச்சரித்துள்ளார்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களிடம் ஒருவர் குறை சொல்ல வந்தால், அவர் உங்களை இன்னும் நம்புகிறார் என்று பொருள். எவருமே வராத நாளுக்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். மௌனம் மன்னிப்பு அன்று. அநீதியைப் பொறுத்துக்கொள்ளும்படி எளியவருக்குப் போதிப்பது நற்செய்தியும் அன்று.

பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்பது பவுலடியாரின் அறிவுரை (எபேசியர் 4:26). நாளைக் காலை பிரட்டுக்குப் போகுமுன், நீங்கள் பேசாமல் வைத்திருக்கும் ஒரு சொல்லை ஆண்டவர் முன் வையுங்கள். பின்பு அதை உரியவரிடம் அன்போடும் அச்சமின்றியும் எடுத்துச் செல்லுங்கள். மீரியபெத்தவில் மாண்ட நம் சகோதர சகோதரிகளுக்காகச் செபிக்கும் வேளையில், கேட்கும் செவியையும் நமக்கென மன்றாடிக் கேட்போம்.