பூனை ஏன் இடம் மாற்றிச் சிறுநீர் கழிக்கிறது?

பூனை தூய்மையை விரும்பும் விலங்கு. ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகளே வீட்டுப் பூனைகளின் முன்னோர். மண்ணைத் தோண்டிக் கழிவை மூடிவைக்கும் வழக்கம் பூனைக்கு இயல்பாகவே உண்டு. மாடிக் குடியிருப்புகளில் மண்ணுக்கு வழியில்லை. ஆதலால், பூனை வளர்ப்போர் மணல் நிரப்பிய தட்டு ஒன்றை வைக்கின்றனர்.

இவ்வாறு பழகிய பூனை, ஒருநாள் திடீரென மெத்தையிலோ துணிக்குவியலிலோ சிறுநீர் கழிப்பதுண்டு. அப்போது வீட்டார் சினம் கொள்கின்றனர். சிலர் அதனைத் தெருவிலேயே விட்டுவிடுகின்றனர். ஆனால், பூனை யாரையும் பழிவாங்க அவ்வாறு செய்வதில்லை. வாய்விட்டுச் சொல்ல இயலாத துன்பம் ஒன்று அதற்கு இருக்கக்கூடும்.

முதலில் ஐயுற வேண்டியது நோயையே. சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருந்தால், சிறுநீர் கழிக்கும்போது வலி உண்டாகும். வலிக்குத் தட்டே காரணம் எனக் கருதி, பூனை வேறிடம் தேடும். கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அஃது அடைபட்டால் ஓரிரு நாள்களில் உயிருக்கே கேடு நேரும். தட்டில் பலமுறை அமர்ந்து முக்கியும் சிறுநீர் வெளிவராவிடில், சற்றும் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நோய் இல்லையெனில், தட்டை ஆராய வேண்டும். நாள்தோறும் கழிவை அகற்றாத தட்டைப் பூனை வெறுக்கும். நறுமணம் ஊட்டிய மணலைவிட, மணமற்ற நுண்மணலையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. பூனை உள்ளே எளிதாகத் திரும்பும் அளவிற்குத் தட்டு அகலமாக இருத்தல் நன்று. உணவுக் கிண்ணத்தின் அருகிலோ, இரைச்சலிடும் சலவை இயந்திரத்தின் பக்கத்திலோ அதனை வைத்தலாகாது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பூனைகளுக்கு மூன்று தட்டுகள் தேவை.

சில பூனைகள் நின்றபடியே வாலை உயர்த்தி, சுவரின்மீது சிறிதளவு சிறுநீரைப் பீய்ச்சும். இது தன் எல்லையைக் குறிக்கும் செயலாகும். கருத்தடை அறுவை செய்தால் இப்பழக்கம் பெரும்பாலும் குறையும்.

அச்சமும் ஒரு காரணமே. பணிமாற்றத்தால் ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் செல்கையில், புதிய வீட்டில் பழகிய மணம் எதுவும் இராது. புதுப் பள்ளியில் முதல்நாள் நிற்கும் குழந்தையைப் போலப் பூனையும் மிரளும். எனவே, முதல் சில நாள்கள் அதனை ஓர் அமைதியான அறையில் வைத்து, அதன் பழைய தட்டையும் பழைய விரிப்பையும் அங்கேயே இடுதல் வேண்டும்.

சிறுநீர் பட்ட இடத்தில் மணம் எஞ்சினால், பூனை மீண்டும் அங்கேயே செல்லும். நொதி கலந்த தூய்மைப்படுத்தும் நீர்மம் அம்மணத்தை நீக்கும். அம்மோனியா கலந்த நீர்மம் சிறுநீரின் மணத்தையே ஒத்திருப்பதால், அதனைத் தவிர்க்க வேண்டும். அடிப்பதாலும் அதட்டுவதாலும் பூனையின் அச்சம் பெருகுமேயன்றிப் பழக்கம் மாறாது. காரணத்தைக் கண்டறிந்து களைவதே பூனைக்கும் வீட்டிற்கும் நலம் தரும்.

சொற்பொருள்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
அழற்சி – உடலுறுப்பில் தோன்றும் வீக்கமும் எரிச்சலும்
கடுவன் – ஆண் பூனை
களைதல் – நீக்குதல்

அறிந்துகொள்வோம்
காட்டுப்பூனையைச் சங்க இலக்கியம் ‘வெருகு’ என்னும் சொல்லால் குறிக்கிறது.

பயிற்சி
1. பூனை கழிவை மூடிவைப்பது ஏன் இயல்பான செயலாகக் கருதப்படுகிறது?
2. கடுவன் பூனையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நிலை எது?
3. நான்கு பூனைகள் உள்ள வீட்டில் எத்தனை தட்டுகள் வேண்டும்?
4. நீங்கள் புதிய ஊருக்கு வந்தபோது உங்களுக்கு அச்சம் நீங்க உதவியது எது? ஐந்து வரிகளில் எழுதுக.