ஒரு அறைக்கு 228 பைட்டு

1994 மார்ச்சில் ஜெஃப்ரி பேர்ட் என்பவர் ஒரு சின்னக் கோப்பை வெளியிட்டார். அதற்குள் இருந்தவை இரண்டு அறைகளும் நடுவில் ஒரு கதவும்தான். டூம் என்ற துப்பாக்கி விளையாட்டுக்கு வெளியாள் ஒருவர் கட்டி வெளியிட்ட முதல் லெவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் போய்விட்டன. ரசிகர்கள் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

டூம் வெளிவந்தது 1993 டிசம்பர் 10இல், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து இட் சொஃப்ட்வெயார் நிறுவனத்திடமிருந்து. அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான வுல்ஃபென்ஸ்டைன் 3டியில் தங்கள் கைவண்ணத்தைச் சேர்க்க விரும்பிய ரசிகர்கள், அசல் கோப்புகளையே உடைத்து எழுதவேண்டியிருந்தது. அதைக் கண்ட நிரலாளர் ஜோன் கார்மாக் கோபப்படவில்லை. அடுத்த விளையாட்டில் நிரலைத் தனியாகவும் உலகத்தைத் தனியாகவும் பிரித்து வைத்தார். உலகம் இருக்கும் கோப்புக்குப் பெயர் வாட்.

வாட் கோப்பின் தலையில் 12 பைட்டு இருக்கும். உள்ளே எத்தனை துண்டுகள், அட்டவணை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். அட்டவணையில் துண்டு ஒன்றுக்கு 16 பைட்டு. பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு துண்டுகள் வந்தால், கடைசியாக ஏற்றியதையே நிரல் எடுத்துக்கொள்ளும். முதல் லெவலின் பெயரை உங்கள் துண்டுக்கு வைத்துவிட்டால் உங்கள் லெவல் திறக்கும். உங்கள் கோப்பை எடுத்துவிட்டால் பழையது கீறல் படாமல் அப்படியே இருக்கும்.

சரி, லெவல் என்றால் என்ன? மேலிருந்து பார்த்து வரைந்த ஒரு பிளான். மூலைப் புள்ளி ஒன்றுக்கு 4 பைட்டு. இரண்டு மூலைகளை இணைக்கும் கோட்டுக்கு 14. கோட்டின் முகத்தில் என்ன படம் ஒட்டுவது என்ற குறிப்புக்கு 30. கோடுகள் சூழ்ந்த இடத்துக்கு செக்டர் என்று பெயர். அதன் தரை உயரம், கூரை உயரம், வெளிச்சம் எல்லாம் 26 பைட்டுக்குள். ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்பதற்கு 10. நாலு சுவர் உள்ள ஓர் அறைக்குக் கூட்டினால் 16, 56, 120, 26, 10, ஆகமொத்தம் 228. போனில் தமிழில் தட்டும் ஒவ்வொரு குறியும், கொம்பும் குற்றும்கூடத் தனித்தனியாக, 3 பைட்டு பிடிக்கும். ஓர் அறை பிடிக்கும் இடத்தில் தமிழில் சின்ன வாக்கியம் ஒன்றுதான் அடங்கும்.

இதனால்தான் லெவல்கள் அவ்வளவு வேகமாகப் பரவின. அந்தக் காலத்து 14,400 பிட் மோடத்தில், டெலிபோன் கம்பி வழியே, 50 கிலோபைட் லெவல் ஒன்று அரை நிமிடத்தில் வந்துவிடும். கூடவே ஓர் எழுத்துக்கோப்பும் வரும்: கட்டியவர் பெயர், எத்தனை நாள் எடுத்தது, தெரிந்த பிழைகள். திறந்து பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவரின் வீடு! ஆரம்ப காலத்தில் பலர் முதலில் கட்டியது தங்கள் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும்தான். யாரோ ஒருவரின் குசினிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த அந்தத் திகைப்பைப் பழைய ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்தில் மின்சாரம் இல்லை. போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு, இலங்கையின் வன்னி முழுக்கவே சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டது. எங்களுக்கு வராமல் போன அந்தத் திகைப்பை இப்போது எடுத்துக்கொள்வோம். ஸ்கந்தபுரத்து வளவு ஒன்றை டூமுக்குள் கட்டிப் பார்ப்போம்.

டூம் மனிதனின் உயரம் 56 அலகு. ஓர் அடிக்குப் பத்து அலகு என்று வைத்தால் அளவு கிட்டத்தட்டச் சரிவரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய சுமார் 550 சதுர அடி வீடு 220க்கு 250 அலகுக்குள் அடங்கும். ஆனால் அந்த மனிதனின் அகலம் 32 அலகு. மூன்றடி வாசலை அளந்து 30 என்று வரைந்தால் அவனால் உள்ளே போக முடியாது! வீட்டையே கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும். முற்றமும் ஓர் அறைதான். அதன் கூரையில் வானத்தின் படத்தைப் போட்டுவிட்டால் திறந்த வெளி. கிணறு என்பது தரை தாழ்ந்த ஒரு செக்டர். வளைகோடு கிடையாது, பதினாறு நேர்கோடுகளால் வட்டத்தை ஒப்பேற்றலாம். கிணற்றுக்கட்டு 24 அலகுக்கு மேல் இருக்கட்டும். அதுவரை அவன் ஏறிவிடுவான், அதற்கு மேல் முடியாது. விழுந்தால் அடிபடாது, ஆனால் ஏறி வரவும் வழியில்லை.

படலையில்தான் வியப்பு. அதைத் தள்ளித் திறக்க முடியாது. டூமில் கதவுகள் கூரையாக மேலே எழும், அல்லது தரையாகக் கீழே இறங்கும். வானத்தின் கீழே இருக்கும் நம் படலை நிலத்துக்குள் அமிழ்ந்துதான் வழிவிடும். காரணம் வேகம். 1993இன் கணினி நொடிக்கு 35 தடவை வரை எது முன்னால், எது பின்னால் என்று முடிவெடுத்து வரையவேண்டியிருந்தது. கார்மாக் கையில் எடுத்தது 1980இல் ஃபூக்ஸ், கெடெம், நெய்லர் என்ற மூவர் எழுதிய முறை: இருகூறிடல் மரம். ஒரு காணியைப் பிள்ளைகளுக்குப் பிரிப்பதுபோல், பிளானை ஒரு கோட்டால் இரண்டாக்கு, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்கு, உள்மடிந்த மூலை எதுவும் இல்லாத துண்டுகள் வரும்வரை. பிறகு எங்கே நின்றாலும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரே கேள்விதான்: நான் எந்தப் பக்கம்? நிற்கும் பக்கத்தை முதலில் வரை, மற்றதைப் பிறகு. இந்தப் பிரிப்பு முழுவதும் விளையாட்டு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே கோடுகள் இடம் நகர முடியாது; உயரங்கள் மட்டுமே மாறலாம்.

இந்த மரத்தைக் கட்டுவதுதான் ரசிகர்களுக்கும் பெரிய மலையாக நின்றது. நியூசிலாந்தின் பிரெண்டன் வைபரும் பெல்ஜியத்தின் ராஃபாயெல் கினேயும் சேர்ந்து 1994 ஜனவரியிலேயே டெயு என்ற லெவல் எடிட்டரை வெளியிட்டார்கள். விளையாட்டு வந்து ஏழு கிழமைகூட ஆகவில்லை. மற் ஃபெல் என்பவர் வாட் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் விளக்கி ஒரு கையேடே எழுதினார். நிறுவனம் கேட்டுக்கொண்டது முக்கியமாக ஒன்றுதான்: இலவசமாக விட்ட பதிப்பில் இந்த லெவல்கள் ஓடக்கூடாது, முழு விளையாட்டை வாங்கியவர்களுக்கே ஓடவேண்டும். பின்னர் ரசிகர் குழு ஒன்று இலவசமாக வெளியிட இருந்த 32 லெவல்களையே நிறுவனம் விலைக்கு வாங்கி, 1996இல் ஃபைனல் டூமில் சேர்த்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். துப்பாக்கிச் சத்தம் போதும் என்று நினைக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. டூமில் சுடவேண்டிய பூதங்கள் வெறும் பட்டியல் வரிகள், தலைக்கு 10 பைட்டு. அந்த வரிகளை எழுதாமலே விட்டால் லெவல் நடந்து பார்க்கும் இடமாகிவிடும். பனையை நட்டுவிட்டு நடக்கலாம். பனையும் ஒற்றைப் படம்தான். எந்தப் பக்கம் போய் நின்றாலும் உங்களை நோக்கியே திரும்பி நிற்கும்.

ஆனால் அக்கராயன் குளத்தை நோக்கிப் போனால் மாட்டிக்கொள்வோம். குளக்கட்டின் மேலே பாதை, கட்டின் அடியால் தண்ணீர் திறந்துவிடும் துருசு. பிளானின் ஒரு புள்ளிக்கு ஒரே தரை, ஒரே கூரை என்பது டூமின் சட்டம். கட்டில் நடப்பதும் அதன் அடியால் தண்ணீர் பாய்வதும் அதே இடத்தில் சாத்தியமில்லை. மேல்மாடி வீட்டுக்கும் இதே கதிதான். ரசிகர்கள் இதையும் விடவில்லை. செக்டர்களை வேண்டுமென்றே பிழையாக இணைத்து, இல்லாத பாலத்தை இருப்பதுபோல் காட்டினார்கள். 1997 டிசம்பர் 23இல் கார்மாக் மூல நிரலையே பொதுவில் விட்டதும், டூம் லெகசி போன்ற ரசிகர் பதிப்புகள் ஒரே இடத்தில் தரைக்கு மேல் தரை வைக்க வழிசெய்தன. அசல் படங்களுக்குப் பதிலாக ஃப்ரீடூம் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, எடிட்டர்களும் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தால் போதும், துருசைக் கட்டத் தொடங்கலாம்.